இலக்கியக் கட்டுரைகளை மாணவரே ஒருவருக்கொருவர் திருத்தும்போது எழுத்துப்பிழையோடு நின்றுவிடுகின்றனர்: என்ன செய்யலாம்?

கேள்வி
உயர்தர வகுப்புத் தமிழ் ஆசிரியை, திருகோணமலை நகரம்

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை நகரில் க.பொ.த. உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். வகுப்பில் 26 மாணவர்கள் இருக்கின்றனர். வாரத்துக்கு ஓர் இலக்கியக் கட்டுரை என்று வைத்தாலும், அத்தனையையும் நானே வரிவரியாகத் திருத்தி மறுவாரத்துக்குள் திருப்பிக் கொடுப்பது இயலாத காரியமாக இருக்கிறது. இரவிரவாக இருந்து திருத்திக் கொடுத்தாலும் பிள்ளைகள் புள்ளியைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடிவிடுகின்றனர். அதனால் இந்தத் தவணை தொடக்கம், எழுதியதை முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துத் திருத்துவித்து, அதன்பின் மீள எழுதி என்னிடம் தரும் முறையைத் தொடங்கினேன். நோக்கம் நல்லது என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் வகுப்பில் நடப்பது வேறாக இருக்கிறது.

அண்மையில் குறுந்தொகையின் 3ஆம் பாடலைக் கொடுத்தேன். தேவகுலத்தார் பாடிய 4 அடிப் பாடல். 'நிலத்தினும் பெரிதே, வானினும் உயர்ந்தன்று' எனத் தொடங்கி, தலைவனோடு தான் கொண்ட நட்பு நிலத்தையும் வானையும் நீரையும்விடப் பெரிது எனத் தலைவி சொல்வது. கட்டுரைகள் கைமாறின. ஒரு மாணவன் தன் நண்பனின் கட்டுரையில் இருந்த 'உயர்ந்தன்று' என்னும் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'உயர்ந்தது அன்று' என்று பிரித்து எழுதி, 'எதிர்மறைப் பொருளைக் கவனிக்கவும்' என்று குறிப்பும் வைத்தான். எழுதியவன் அதனை நம்பி, வானம் நட்பைக் காட்டிலும் உயர்ந்தது என்று தலைவி ஒப்புக்கொள்வதாகத் தன் இரண்டாம் பிரதியில் ஒரு பந்தியையே புதிதாகச் சேர்த்துவிட்டான். உயர்ந்தன்று என்பது இங்கே உயர்ந்தது என்னும் உடன்பாட்டுப் பொருளில் வந்த பழைய வினைமுற்று. முதற் பிரதியில் சரியாக இருந்த ஒன்று திருத்தத்தால் பிழையாயிற்று.

நெருங்கிய நண்பர்கள் 'நன்று', 'மிக நன்று' என்பதற்கு மேல் எதுவும் எழுதுவதில்லை. என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. மீனவக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி, பாடலில் வரும் நீரின் அளவைப் பற்றி எழுதும்போது, தன் தந்தை ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி எத்தனை பாகம் (விரித்த இரு கைகளின் நீளம்) என்று ஆழம் பார்ப்பதை இரண்டு வரிகளில் எழுதியிருந்தாள். திருத்திய மாணவி அந்த இரண்டு வரிகளையும் குறுக்கே வெட்டி, 'இலக்கியக் கட்டுரையில் இவை கூடாது' என்று எழுதினாள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை கட்டுரையைப் பிறரிடம் கொடுக்கத் தயங்குகிறாள். மற்றவர்களின் மூன்றாம் பிரதிகளில் எழுத்துப்பிழை ஏறத்தாழ இல்லை. ஆனால் எல்லாமே பொழிப்புரைகள். 'மிக அழகாக எடுத்துக்காட்டியுள்ளார்' என்று முடியும் வாக்கியங்களை எண்ணிப் பார்த்தால் மனம் சோர்கிறது. இந்த முறையைக் கைவிட நான் விரும்பவில்லை. எங்கே பிழை விடுகிறேன் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தரவேண்டும்.

மறுமொழி 1
ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர், உப்புவெளி

அன்புள்ள ஆசிரியைக்கு, நீங்கள் விட்ட பிழை ஒன்றுதான்: முதல் வாசிப்பிலேயே பிள்ளையின் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டீர்கள். பேனா கையில் இருந்தால் கண் எழுத்தைத்தான் தேடும். எழுத்துப்பிழை உடனே அகப்படும், கருத்துப்பிழை அப்படி அகப்படாது. நான் கற்பித்த காலத்தில் பல ஆண்டுகள் இதே தவற்றைச் செய்துவிட்டுத்தான் முறையை மாற்றினேன்.

முதல் வாசிப்பில் பேனாவும் பென்சிலும் மேசைக்குக் கீழே இருக்கட்டும். வாசித்து முடித்ததும் கொப்பியை மூடச் சொல்லுங்கள். மூடிய பிறகு, 'இந்தக் கட்டுரை பாடலைப் பற்றி என்ன சொல்கிறது?' என்பதை ஒரே வாக்கியத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதச் சொல்லுங்கள். 'பாடல் காதலின் பெருமையைக் கூறுகிறது' என்று வாசித்தவர் எழுதினால், அந்த வாக்கியத்தை அகப்பாடல்கள் நூற்றுக்கு ஒட்டலாம் அல்லவா? அப்படியானால் கட்டுரையில் இன்னும் கருத்து பிறக்கவில்லை என்று பொருள். இதை எழுதியவரிடம் 'உன் கட்டுரை மோசம்' என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. துண்டைப் படித்தவுடனே அவருக்கே விளங்கிவிடும். தான் சொல்ல நினைத்தது ஒன்று, வாசித்தவர் எடுத்துக்கொண்டது இன்னொன்று என்பதைக் காணும்போதுதான் மாணவர் மீள எழுதும் விருப்பம் கொள்கின்றார்.

அடுத்து வாசிப்பவர் கேட்கவேண்டியது, அகப்பாடல் என்றால், கூற்றைப் பற்றிய கேள்வி. யார், யாருக்கு, எந்த நிலையில் சொல்வது? நீங்கள் குறிப்பிட்ட பாடலில் தலைவன் மறைவிடத்தில் நிற்கிறான். தோழி அவனுடைய இயல்பைப் பழித்துப் பேசியிருக்கிறாள். அதற்கு மறுமொழியாகத் தலைவி அவனுடைய இயல்பை உயர்த்திச் சொல்கிறாள். இது கட்டுரையில் இல்லாவிட்டால் நிலமும் வானும் நீரும் வெறும் அலங்காரமாகிவிடும். இது இருந்தால் அவை ஒரு வாதத்தின் உறுப்புகளாகிவிடும். 'கவிஞர் நட்பின் பெருமையைக் கூறுகிறார்' என்று எழுதியிருக்கும் இடத்தில், 'கவிஞரா, தலைவியா?' என்று ஓரத்தில் ஒரு கேள்வியை வைப்பதற்குப் பெரிய புலமை தேவையில்லை. பதினேழு வயதுப் பிள்ளையால் அதைச் செய்ய முடியும்.

மூன்றாவது வாசிப்பில் பென்சிலைக் கொடுங்கள், ஆனால் திருத்துவதற்கு அன்று. பாடலில் உள்ளதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்லும் வரிகளின் கீழ் ஒற்றைக் கோடு. ஒரு சொல்லோ அமைப்போ என்ன வேலை செய்கிறது என்று சொல்லும் வரிகளின் கீழ் இரட்டைக் கோடு. இவ்வளவே. முதல் தடவை பெரும்பாலான கொப்பிகளில் பக்கம் முழுவதும் ஒற்றைக் கோடுகளாக இருக்கும். அதைக் கண்டு யாரையும் கடியாதீர்கள். 'இரட்டைக் கோடு எங்கே கிடைக்கும்?' என்று கேளுங்கள்.

நான் சொல்வதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார் என்று வைப்போம்: 'தலைவி நிலம், வான், நீர் ஆகியவற்றைக் கூறித் தன் நட்பின் பெருமையை மிக அழகாக எடுத்துக்காட்டியுள்ளாள்.' வாசிப்பவர் அதை வெட்டவும் இல்லை, மாற்றவும் இல்லை; 'மூன்றும் ஒரே அளவையா சொல்கின்றன? நட்பு என்ற சொல் பாடலில் எங்கே வருகிறது?' என்று இரண்டு கேள்விகளை மட்டும் எழுதுகிறார். எழுதியவர் பாடலுக்குத் திரும்பிப் போகிறார். மீள எழுதும்போது அவரிடமிருந்து இது வரக்கூடும்: 'நிலத்தின் அகலம், வானின் உயரம், நீரின் ஆழம் என மூன்று பக்கமும் அளந்து தலைவி பேசுகிறாள். எது அவ்வளவு பெரியது என்பதை அவள் முதலில் சொல்லவில்லை; நட்பே என்பது பாடலின் கடைசிச் சொல்லாக நிற்பதால், பழித்துப் பேசிய தோழி நான்கு அடிகளையும் காத்திருந்து கேட்டபின்னரே விடையைப் பெறுகிறாள்.' சொல்லணி எதுவும் கூடவில்லை, 'மிக அழகாக' என்ற சொல்லும் போய்விட்டது. ஆனாலும் இது திறனாய்வு, முன்னையது பாராட்டு.

அந்த மீனவப் பிள்ளையின் இரண்டு வரிகளைப் பற்றி என் மனத்தில் இருப்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. நம் துறைமுகம் இயற்கையாகவே ஆழமானது. கோணேசர் மலையின் விளிம்பில் நின்று கீழே பார்த்த பிள்ளைக்கு நிலமும் வானும் நீரும் ஒரே இடத்தில் சந்திப்பது தெரியும். ஆழம் என்பது கண்ணால் பார்த்து அறிவதல்ல, கயிறு இறக்கி அறிவது என்பதை அந்த வீட்டில் வளர்ந்தவள் அறிவாள். அந்த அறிவு அவளைப் பாடலுக்குள் இட்டுச் செல்கிறதா, பாடலுக்கு வெளியே இழுத்துச் செல்கிறதா என்பதுதான் கேட்கப்படவேண்டிய கேள்வி. வெட்டும் உரிமை எவருக்கும் இல்லை. அவளிடம் அந்த வரிகளைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி 2
அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர், திருகோணமலை

மேலே ஐயா அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். எழுத்துத் திருத்தம் கடைசிக்குப் போகவேண்டும் என்பதும் சரியே. ஆனால் கடைசிக்குப் போவதால் அது சிறிய வேலை ஆகிவிடாது என்பதை வலியுறுத்தவே எழுதுகிறேன்.

பழைய அச்சகங்களில் ஒருவர் மூலப்பிரதியை உரத்து வாசிப்பார், மற்றவர் மெய்ப்பைக் கண்ணால் பின்தொடர்வார். ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடங்கண்டு பதிப்பித்தவர்களின் உழைப்பிலிருந்தே நமக்குச் சங்க நூல்கள் கையில் கிடைத்தன. அந்தப் பதிப்புப் பணியோடு தொடர்புடைய தி. த. கனகசுந்தரம்பிள்ளை நம் திருகோணமலையில் பிறந்தவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அவர்கள் செய்யும் வேலையின் மதிப்பு அவர்களுக்குத் தெரியவரும். வகுப்பில் செய்யவேண்டியது இதுதான்: கட்டுரையை எழுதியவர் வாசிக்கக்கூடாது, மற்றவர் உரத்து வாசிக்க எழுதியவர் கேட்கவேண்டும். எழுதியவர் வாசித்தால் தான் எழுத நினைத்ததையே வாசிப்பார். மற்றவர் வாசிக்கும்போது எங்கே நா தடுக்குகிறதோ, எங்கே மூச்சு வாங்கித் திரும்ப வாசிக்கிறாரோ, அங்கே வாக்கியம் உடைந்திருக்கிறது. 'இப்பாடல்கள் தலைவியின் துயரைக் காட்டுகிறது' என்பது போன்ற ஒருமை பன்மை மயக்கம் கண்ணுக்குத் தப்பினாலும் காதுக்குத் தப்பாது. மாறாக ண, ன மயக்கமும் ல, ள, ழ மயக்கமும் காதுக்குத் தப்பிவிடும். அவற்றுக்குக் கண்தான் வேண்டும். ஆகவே ஒரு தடவை காதால், ஒரு தடவை கண்ணால்.

மேற்கோளுக்குள் யாரும் கைவைக்கக்கூடாது என்பதை விதியாகவே வையுங்கள். பிழை என்று தோன்றினால் நூலைத் திறந்து எழுத்துக்கெழுத்து ஒப்பிடவேண்டும். 'உயர்ந்தன்று' விடயத்தில் நடந்தது இந்த விதி இல்லாமையால்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. குறுந்தொகை 40ஆம் பாடலை ஒரு பதிப்பில் 'யாரா கியரோ' என்று சீர் பிரித்தும், இன்னொன்றில் 'யார் ஆகியரோ' என்று சொல் பிரித்தும் காணலாம். இரண்டும் சரியானவை, ஒன்றைப் பார்த்துப் பழகிய மாணவர் மற்றதைப் பிழை என்று வட்டமிடுவார். ஒரு கட்டுரைக்குள் ஒரே முறையைப் பின்பற்றினால் போதும்.

வல்லினம் மிகுதலில் ஊகத்தால் திருத்துவதைத் தடுத்துவிடுங்கள். 'படித்த பாடல்' என்பதைப் 'படித்தப் பாடல்' என்று மாற்றுபவர்கள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். காரணத்தைச் சொல்ல முடிந்தால் மட்டும் திருத்தலாம் என்று வைத்தால், சரியாக எழுதியதைக் கெடுப்பது பெருமளவு குறையும். 'வேலை தேடினான்' என்றால் தொழில் தேடினான், 'வேலைத் தேடினான்' என்றால் ஆயுதமாகிய வேலைத் தேடினான் என்று காட்டினால், ஓர் ஒற்று பொருளையே மாற்றும் என்பதைப் பிள்ளைகள் உணர்ந்துகொள்வார்கள்.

மறுமொழி 3
பல்கலைக்கழக மாணவி, வந்தாறுமூலை

வணக்கம் ரீச்சர். நான் திருகோணமலையில் உயர்தரம் படித்தவள். எங்கள் வகுப்பிலும் கட்டுரைகளை மாற்றித் திருத்தும் வழக்கம் இருந்தது. என் கட்டுரையில் இருந்த பேச்சுவழக்குச் சொற்களை ஒருவர் வட்டமிட்டு, வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தனர். ஆசிரியரும் தடுக்கவில்லை. அதன்பின் ஓராண்டுக்கு மேல், தெரிந்த வாக்கியங்களை மட்டுமே எழுதினேன். 'எடுத்துக்காட்டியுள்ளார்' என்று முடியும் வாக்கியங்கள் பாதுகாப்பானவை, அவற்றை எவரும் வட்டமிடுவதில்லை. பிள்ளைகள் பொழிப்புரைக்குள் ஒளிந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதைத் தயவுசெய்து கவனத்தில் எடுங்கள்.

பெயருக்குப் பதிலாக இலக்கம் போட்டால் போதும் என்று சிலர் சொல்வர். 26 பேர் உள்ள வகுப்பில் யாருடைய கையெழுத்து எது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட, ஒரு தவணை முழுவதும் ஒரே இணையாக இருக்கவிடுவது நல்லது என்பது என் கருத்து. மூன்றாவது கட்டுரைக்குள் ஒருவர் எங்கே தடுமாறுவார் என்பது மற்றவருக்குத் தெரிந்துவிடுகிறது, கேட்கும் தொனியும் மாறிவிடுகிறது. நெருங்கிய நண்பர்களை இணையாக்கவேண்டாம்.

எழுதியவருக்கு மறுக்கும் உரிமை கட்டாயம் வேண்டும். இங்கே பல்கலைக்கழகத்தில் நாங்கள் நால்வர் சேர்ந்து எங்கள் ஒப்படைகளைப் பார்த்துக்கொள்கிறோம். ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே 'ஏற்கிறேன்' அல்லது 'ஏற்கவில்லை, ஏனெனில்' என்று எழுதவேண்டும். 'ஏனெனில்' என்பதற்குப் பின் எழுதும் காரணங்கள் பல தடவைகளில் கட்டுரைக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டன. 'உயர்ந்தன்று' பற்றி அந்த மாணவருக்கு மறுக்கும் இடம் இருந்திருந்தால், நூலையாவது திறந்து பார்த்திருப்பார்.

மறுமொழி 4
தமிழ் ஆசிரியர், கிண்ணியா

நேரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 40 நிமிடப் பாடவேளை ஒன்றுக்குள் மூன்று வாசிப்புகள் நடக்காது. நான் இரண்டு நாள்களாகப் பிரிக்கிறேன்: முதல் நாள் மூடிய கொப்பியும் துண்டுக் கடதாசியும் கோடுகளும்; பிள்ளைகள் வீட்டில் மீள எழுதி வந்தபின், இரண்டாம் நாள் உரத்து வாசித்தலும் எழுத்துத் திருத்தமும். மீள எழுதும்போது எப்படியும் நீக்கப்படப்போகும் பந்தியில் ஒற்றுப்பிழை தேடுவது வீண் உழைப்பு என்பதால் இந்த ஒழுங்கு நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது.

ஐயா அவர்களுடன் ஓரிடத்தில் வேறுபடுகிறேன். கட்டுரையின் கருத்தை ஒரு வாக்கியத்தில் எழுது என்றவுடனே எல்லாப் பிள்ளைகளாலும் எழுதிவிட முடியாது. என் வகுப்பில் பாதிப் பேர் வெறுங் கடதாசியுடன் இருந்தனர். அதன்பின் நானே ஒரு கட்டுரை எழுதி, கரும்பலகையில் ஒட்டி, அதைத் திருத்தச் சொன்னேன். ஆசிரியர் எழுதியதில் 'இது பொழிப்பு' என்று கோடு போட முதலில் தயங்கினர். நான் அதை ஏற்று அவர்கள் முன்னிலையிலேயே மாற்றி எழுதியபோது தயக்கம் போயிற்று. இரண்டு தடவை அப்படிச் செய்தபின்னரே கொப்பிகளை மாற்றிக்கொள்ள விட்டேன்.

கேள்வி கேட்டவரின் பதில்
உயர்தர வகுப்புத் தமிழ் ஆசிரியை, திருகோணமலை நகரம்

எழுதிய அனைவருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாமல், செய்துபார்த்துவிட்டு எழுதவேண்டும் என்று மூன்று வாரங்கள் காத்திருந்தேன்.

கிண்ணியா ஆசிரியர் சொன்னபடி என் கட்டுரையைத்தான் முதலில் ஒட்டினேன். ஒரு பந்தி முழுவதற்கும் ஒற்றைக் கோடு விழுந்தது. அவர்கள் போட்டது சரிதான். பிறகு இணைகளை மாற்றி அமைத்தேன். மூடிய கொப்பி முறையில் முதல் நாள் வந்த துண்டுகளில் பெரும்பாலானவை 'காதலின் சிறப்பு' என்ற வகையிலேயே இருந்தன. அவற்றை எழுதியவர்களிடம் கொடுத்தபோது வகுப்பில் யாரும் கதைக்கவில்லை. ஒரு மாணவன் எழுந்து, 'நான் தேனைப் பற்றித்தானே எழுதினேன், இதில் தேனே இல்லையே' என்றான். அதே பாடலில் வரும், கருங்கோல் குறிஞ்சியின் பூவைக் கொண்டு பெருந்தேன் இழைக்கும் நாடு என்பதை எடுத்து, சிறிது சிறிதாகச் சேர்ந்து பெரிதாகும் ஒன்றைப் பற்றி அவன் எழுதியிருந்தது உண்மை. ஆனால் அது மூன்றாம் பக்கத்தில், பொழிப்பின் நடுவில் புதைந்து கிடந்தது. மீள எழுதியபோது அதை முதற் பந்திக்குக் கொண்டுவந்தான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

'உயர்ந்தன்று' என்பதைத் திருத்திய மாணவனை எல்லோர் முன்னிலையிலும் பிழைகாரனாக்க விரும்பவில்லை. ஆகவே மேற்கோளை நூலோடு ஒப்பிடும் பொறுப்பை இந்தத் தவணைக்கு அவனிடமே கொடுத்தேன். இப்போது உரைநூலைக் கையில் வைத்துக்கொண்டு மேசை மேசையாகப் போகிறான். எல்லாக் கொப்பியிலும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். 'நன்று' என்று மட்டும் எழுதுபவர்கள் இன்னும் நால்வர் இருக்கின்றனர், அவர்களுக்கு எழுத்துப் பிழை தேடுவதைவிடக் கேள்வி கேட்பது கடினமாக இருக்கிறது.

மீனவக் குடும்பத்துப் பிள்ளையிடம் அந்த இரண்டு வரிகளைத் திரும்பத் தரும்படி தனியே கேட்டேன். முதலில் மறுத்தாள். வரிகளை வெட்டிய மாணவியே, இப்போது கேள்வியாக எழுதவேண்டும் என்ற விதியின்படி, 'கயிறு பாடலில் எங்கே வருகிறது?' என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதற்கு எதிரே இவள், 'ஏற்கவில்லை, ஏனெனில்' என்று தொடங்கி அரைப் பக்கம் எழுதினாள். அவளுடைய அனுமதியோடு அதன் ஒரு பகுதியை இங்கே தருகிறேன்:

'நிலம் எவ்வளவு அகலம், வானம் எவ்வளவு உயரம் என்பதைக் கரையில் நிற்பவரும் பார்க்கலாம். நீரின் ஆழத்தைக் கரையில் நின்று பார்க்க முடியாது, கயிறு இறக்கவேண்டும். தோழி வெளியே நின்று தலைவனைப் பழிக்கிறாள். தலைவி உள்ளே இறங்கியவள். அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் இரண்டையும் முதலில் சொல்லிவிட்டு, தெரியாத ஒன்றை மூன்றாவதாக வைக்கிறாள்.'

இந்தப் பந்தியில் நான் திருத்தியது ஓர் ஒற்று மட்டும். ஈயக்குண்டைப் பற்றிய வரியை அவளே நீக்கிவிட்டாள்; கயிற்றை வைத்துக்கொண்டாள்.